மேற்கு மேட்டில் அறுபது வீடு

மேடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம், வந்து உட்கார வேண்டும் என்று சொல்லத்தான் நெல்டா ஸ்டேம்பர் அந்தச் சனிக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது நல்ல மனநிலையில்தான் இருந்தாள். அவர் பிகு பண்ணுவார், இரண்டு தடவை கெஞ்சினால் சரி என்பார் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை ஹேக்பெர்ரி மேட்டில் விழா. கவர்னர் வருகிறார். மேட்டின் ஒரு பக்கம் சூரிய மின்சாரத் தகடுகள் வரப்போகின்றன. மறுபக்கம், வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு அறுபது வீடுகள். இரண்டையும் ஒரே சட்டத்தில் கோத்தது மாநில செனட்டரான அவள்தான். பதினான்கு வருஷமாக கென்டக்கியின் கிழக்கு மலைகளிலிருந்து தலைநகர் பிராங்க்ஃபோர்ட்டுக்குப் போய்வருகிறாள். ஒரு சட்டத்தை அவள் பெயரைச் சொல்லி ஜனங்கள் குறிப்பிடுவது இதுதான் முதல் தடவை.

இத்தனைக்கும், முதல் தேர்தலில் வாசலுக்கு வாசல் நட்ட அவளுடைய அட்டைகளில் ‘நிலக்கரிக்காரன் மகள்’ என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. “வெயில வச்சு ஒரு சட்டி பீன்ஸ் வேகுமா?” என்று சபையில் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தவள் அவள். ஆனால் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைசிக் கம்பெனி திவாலாகி, ஆபீஸ் சாவியைக்கூட யாரிடமும் கொடுக்காமல் போய்விட்டது. கவுண்டிக்கு, அதாவது அந்த மாவட்டத்துக்கு, வந்துகொண்டிருந்த நிலக்கரி வரி நின்றது. பள்ளிக்கூடக் கூரை ஒழுகியது, பேருந்து ஓட்டுநர்கள் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில்தான் வெள்ளமும் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஜூலை மாதம், விடிவதற்குள் ஸ்பைஸ்வுட் ஓடை வீடுகளைத் தூக்கிக்கொண்டு போனது. பதினோரு பேர் செத்தார்கள். முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்த நெல்டாவிடம் தொலைக்காட்சிக்காரர்கள் ஒலிவாங்கியை நீட்டி, நிலக்கரிக்காக மலைத்தலைகளை வெட்டியதால்தான் தண்ணீர் நிற்காமல் இறங்கியது என்கிறார்களே என்று கேட்டார்கள். “மலைய வெட்டுனதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மழை மழைதான்” என்றாள். அப்போது பாதி நம்பித்தான் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வீடு போனவர்களுக்கு மறுபடி வீடு கட்ட இடம் இல்லை. ஓடைக்கரையில் கட்டினால் மறுபடியும் போகும். மற்ற இடமெல்லாம் செங்குத்து. சமதரை என்று இருந்தது நிலக்கரிக்காக மொட்டையடித்த மலை உச்சிகள் மட்டும்தான். அதே சமதரையைத்தான் வெளியூர் மின்சாரக் கம்பெனி ஒன்றும் கேட்டு வந்தது. அதனால் நெல்டா சட்டம் கொண்டுவந்தாள்: சுரங்க நிலத்தை மின்சாரத்துக்கு எடுக்கிறவர்கள், மூன்றில் ஒரு பங்கைப் பேரிடரில் வீடு இழந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

டெல்பெர்ட் அடுக்களை மேசையில் உட்கார்ந்து பிஸ்கட் என்கிற மெத்தென்ற ரொட்டியை வெள்ளைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தேழு வயது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஹேக்பெர்ரியில் பத்தொன்பது வருஷம் புல்டோசர் ஓட்டினார், அதில் கடைசி நாலு வருஷம் மேஸ்திரி. சுரங்கத்துக்குள்ளே இறங்காமலேயே, மேலே பறந்த கல்தூசியில் நுரையீரல் கல்லாகிப் போனவர்.

“மேடையில நாற்காலியா? எனக்கா?” என்றார். “கவர்னர் பேசுறப்ப பக்கத்துல உக்காந்து இருமிக்கிட்டு இருக்கவா?”

“அந்த மேட்ட உண்டாக்குனதே நீதானே அண்ணே. நீ இல்லாம அங்க என்ன விழா?”

“வெட்டுனேன். உண்டாக்குனேன்னெல்லாம் சொல்லாத. நீ செனட்டர் பாஷைய வீட்டுக்கு வெளியிலயே கழட்டி வச்சிட்டு வா.” சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்: “வீடு எந்தப் பக்கம் வருது?”

“மேற்கு. ஓடைய பாத்தாப்புல, நல்ல காத்து. கிழக்க பூரா கரண்டுக்காரங்களுக்கு.”

டெல்பெர்ட் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். மறுபடி அதை எடுக்கவில்லை.

“யாரு சொன்னா மேற்குன்னு?”

“கரண்டுக் கம்பெனிக்காரங்க குறிச்சுக் குடுத்தாங்க. ஏன்?”

“மேற்கு மேடே கெடையாது நெல்டா. அது பள்ளம். நாங்க நிரப்புன பள்ளம்.”

அவர் சொன்னதை அவள் நடுவில் பேசாமல் கேட்டாள். மலைத்தலையை உடைத்த மண்ணையும் கல்லையும் பக்கத்துப் பள்ளத்தில் கொட்ட வேண்டும். நாலடிக்கு ஒரு தரம் சமப்படுத்தி, இயந்திரம் ஏற்றி அமுக்க வேண்டும். அதுதான் விதி. கடைசி இரண்டு வருஷம், நிலக்கரிக் கம்பெனி தள்ளாட ஆரம்பித்த பிறகு அமுக்குகிற வேலையே நடக்கவில்லை. வெட்டிய மரத்தை முழுசாக உருட்டித் தள்ளினார்கள். கிழிந்த டயர்கள், உடைந்த லாரிக் கூண்டு, எல்லாவற்றையும் தள்ளி மேலே மண்ணை மூடினார்கள்.

“மரம் உள்ள மக்கிக்கிட்டு இருக்கும்” என்றார். “இருபது வருஷத்துல மக்குமா, முப்பதுல மக்குமா, யாருக்குத் தெரியும். மக்குனா எடம் விழும்.”

“அண்ணே, கவுண்டி எஞ்சினியரு பழைய காகிதம் பூரா பாத்தாரு. நாலடிக்கு ஒரு தரம் அமுக்குனதா தேதி போட்டு, கையெழுத்தோட இருக்கு.”

“இருக்கும். கையெழுத்து யாரோடதுன்னு பாத்தியா?”

அவள் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

“மேலேர்ந்து சொன்னாங்க, போட்டேன்” என்றார் டெல்பெர்ட். “ஆடு மேயுற எடமாத்தான் ஆகப்போகுதுன்னாங்க. அங்க மனுசன் வீடு கட்டுவான்னு எவன் கண்டான்.”

நெல்டா நேராக மேட்டுக்கு வண்டியை விட்டாள். விழாவுக்கு வெள்ளைக் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்சாரக் கம்பெனியின் ஆள், டிரெவர் என்று ஒரு மரியாதையான பிள்ளை, நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“மேற்குப் பக்கமும் நீங்க மண்ணுல துளை போட்டுப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“போன வருஷமே போட்டோம் மேடம். நாலு துளை. தகடு மாட்டுற கம்பம் நிக்காதுன்னு தெரிஞ்சுது. அதனாலதான் கிழக்க எடுத்துக்கிட்டோம்.”

“இத யார்கிட்டயும் சொல்லணும்னு தோணலையா?”

அவன் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். “யாரும் கேக்கலையே மேடம். மூணுல ஒரு பங்கு குடுக்கணும்னு உங்க சட்டத்துல இருக்கு. எந்தப் பங்குன்னு இல்லியே.”

குத்திக் காட்டுவதற்காக அவன் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அந்த வரியை எழுதியது அவள். பிராங்க்ஃபோர்ட்டில் தன் அறையில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே எழுதியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வண்டிக்குள் உட்கார்ந்தபடியே கவுண்டித் தலைவர் லோனி ஃபூகேட்டுக்குப் போன் செய்தாள். லோனி பொறுமையாகக் கேட்டார்.

“செனட்டரம்மா, உங்க அண்ணன் சொல்றாரு. காகிதம் வேற சொல்லுது. காகிதத்துலயும் உங்க அண்ணன்தான் சொல்றாரு. எந்த டெல்பெர்ட்ட நம்புறது?”

“துளை போட்டுப் பாக்கலாம் லோனி. ரெண்டு மாசம் தள்ளி வைப்போம்.”

“டிசம்பருக்குள்ள வேலைய ஆரம்பிக்கலைன்னா வீட்டுக்குன்னு வாஷிங்டன் குடுத்த பணம் திரும்பிப் போயிரும். அப்புறம் எந்த மேட்டுலயும் வீடு கெடையாது. கால்பந்துத் திடல்ல நாப்பத்தி மூணு குடும்பம் டிரெய்லர் வண்டி வீட்டுல மூணாவது குளிரையும் பாக்கும். அத நீங்க போயிச் சொல்றீங்களா, நான் போகவா?” குரலைத் தணித்துக்கொண்டார். “மொதல்ல விழா முடியட்டும். மத்தத உக்காந்து பேசிக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மறுபடி அண்ணனிடம் போனாள். நடந்ததை எழுதிக் கொடு என்று கேட்டாள். டெல்பெர்ட் முடியாது என்று தலையை ஆட்டினார். பொய்க் கையெழுத்துக்கு ஜெயில் உண்டு. நுரையீரலுக்கு வருகிற உதவித் தொகையையும் நிறுத்துவார்கள். அவரோடு கையெழுத்துப் போட்ட மூன்று பேரில் இரண்டு பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களும் மாட்டுவார்கள். “நீயே சொல்லு. உனக்கு மேடை இருக்கு. என் பேர மட்டும் இழுக்காத.”

“உன் பேரு இல்லாம நான் சொன்னா, காகிதத்த நீட்டுவாங்க அண்ணே.”

“அப்ப சொல்லாத” என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பள்ளிக்கூட பாண்டு வாத்தியம் வாசித்தது. கவர்னர் அவள் தோளில் கை போட்டு, இந்த மாநிலத்தின் மின்சாரமும் மறுவாழ்வும் இனிமேல் இந்த அம்மாள் காட்டிய வழியில்தான் என்று சொன்னார். நெல்டாவின் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் மேற்குப் பள்ளத்தைப் பற்றி மூன்று வரி எழுதி வைத்திருந்தாள். பேச எழுந்தபோது கை அந்தப் பைக்குள் போனது. முன்வரிசையில் கார்லா ஹால்கோம்ப் உட்கார்ந்து, பேச ஆரம்பிப்பதற்கு முன்பே கை தட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்தவர்களும் தட்டினார்கள். கிழவர்கள் எழுந்து நின்றார்கள். கை வெறுமனே வெளியே வந்தது. அவள் பேசியது நாலு நிமிஷம், நன்றாகவே பேசினாள்.

கார்லா அவளோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். வெள்ளத்தன்று அவள் புருஷன் ராய்ஸ், வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனவன். நாலு நாள் கழித்து, ஓடை போகிற வழியில் பதினாலு மைல் தள்ளிப் பிணமாகக் கிடைத்தான். வீட்டுப் பட்டியலில் முதல் பெயர் கார்லாவுடையது. யாரிடமோ இரவல் வாங்கிய நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மண்வெட்டிகளுக்குத் தங்க நிறம் பூசி வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். செனட்டரும் முதல் வீட்டுக்காரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெட்ட வேண்டும் என்று புகைப்படக்காரன் சொன்னான்.

கார்லா மண்வெட்டியின் இரும்பில் காலை வைத்து மிதித்தாள். அது பிடி தொடங்குகிற கழுத்து வரைக்கும் இறங்கியது.

“ஏ நெல்டா, எவ்வளவு லேசா எறங்குது பாரு!” என்று சிரித்தாள்.

படத்தில் நெல்டாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் யார் போனையும் எடுக்கவில்லை. முதல் பத்துக் குடும்பங்கள் வியாழக்கிழமை வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை மத்தியானம் கால்பந்துத் திடலுக்குப் போய், கார்லாவின் டிரெய்லர் கதவைத் தட்டினாள்.

உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மேசையில் வண்ண அட்டைகளைப் பரப்பி வைத்திருந்தாள் கார்லா. அடுக்களைச் சுவருக்கு வெளிறிய மஞ்சளா, பச்சையா என்று கேட்டாள். நெல்டா பதில் சொல்லாமல், டெல்பெர்ட் பெயரைச் சொல்லாமல், மற்றதையெல்லாம் சொன்னாள். மரம், டயர், லாரிக் கூண்டு, நாலு துளை.

கார்லா அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். விளிம்பைத் தட்டிச் சரிசெய்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

நெல்டா அந்த அட்டைக் கட்டைப் பார்த்தாள்.

“நெல்டா, உன்னத்தான் கேக்குறேன். எப்பத் தெரியும்?”

“சனிக்கெழம.”

“அப்ப திங்கக்கெழம தெரிஞ்சுக்கிட்டேதான் எம்பக்கத்துல நின்னு வெட்டுன.”

“கார்லா, பணம் திரும்பிப் போயிருமேன்னு…”

“பணத்தப் பத்தி எங்கிட்டப் பேசாத. ரெண்டு வருஷமா எல்லாரும் அதத்தான் பேசுறீங்க. எம் புருஷன் செத்தப்பவும் வந்து மழை மழைதான்னு சொன்ன. நான் டிவியில பாத்தேன். ஒரு வார்த்தை கேட்டேனா உன்ன? ஒண்ணா வெளையாண்டவளாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். ஓட்டும் போட்டேன்.” எழுந்து கதவைத் திறந்தாள். எழுந்ததும் கதவுதான், அவ்வளவுதான் அந்த வீடு. “யாரு சொன்னா உனக்கு? டெல்பெர்ட்டுதானே? வேற யாரு அங்க டோசர் ஓட்டுனது.”

“அவரு பேர…”

“நீ போ.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட உள்விளையாட்டரங்கில் கூட்டம். கார்லா திடலெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள், வியாழக்கிழமைக் கையெழுத்து நின்றுபோயிருந்தது. இருநூறு பேருக்கு மேல். பாதிப் பேர் மின்சாரக் கம்பெனிமேல் கோபமாக இருந்தார்கள், மீதிப் பேர், வருகிற வீட்டையும் கெடுக்கிறாளே என்று நெல்டாமேல். லோனி பழைய அறிக்கைகளை உயர்த்திக் காட்டினார். “எல்லாம் கையெழுத்தோட இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?”

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. கார்லா முன்னால் வந்தாள். அவள் இழுத்து வந்த சின்னச் சக்கர வண்டியில் ஆக்ஸிஜன் உருளை இருந்தது. அதிலிருந்து போன குழாயின் மறுமுனையில் டெல்பெர்ட். அரங்கத்தை நடந்து கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை நின்றார். கார்லா அவரிடம் போய் நின்றதும், அவர் வரப்போவதும் நெல்டாவுக்குத் தெரியாது.

“அந்தக் கையெழுத்து என்னுது” என்றார் ஒலிவாங்கியில். “பொய்க் கையெழுத்து. ஒருக்கா இல்ல, பதினேழு தடவை போட்டேன். அங்க எதையும் அமுக்கல.”

என்னென்ன புதைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மூச்சு வாங்கும்போது நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார். கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “உன் தங்கச்சிகிட்ட எப்பய்யா சொன்ன?”

டெல்பெர்ட் நெல்டா பக்கம் திரும்பினார். அவள் அவரையே பார்த்தாள். விழா முடிந்த பிறகு, திங்கட்கிழமை மத்தியானம் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் துருவியிருக்கவும் மாட்டார்கள்.

“சனிக்கெழம காலையில” என்றார்.

எழுந்த இரைச்சலில் லோனி மேசையைத் தட்டிய தட்டல் யார் காதிலும் விழவில்லை. ஒரு பெண் பத்திரிகைப் படத்தைக் கிழித்து மேடையில் போட்டாள். நெல்டா எழுந்து நின்று, ஆமாம், தெரிந்துதான் நின்றேன் என்றாள். அதற்கு மேல் அவளைப் பேச விடவில்லை.

அதன் பிறகு நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. நவம்பரில் துளை போட்டார்கள். மேற்கில் முக்கால் பங்கு வீட்டுக்கு ஆகாது என்று ஜனவரியில் அறிக்கை வந்தது. வாஷிங்டன், கெடுவை ஆறு மாதம் தள்ளி வைத்தது. அதற்காக நெல்டா எத்தனை வாசல் ஏறி இறங்கினாள் என்பது யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. மின்சாரக் கம்பெனி கிழக்கில் ஒரு துண்டை விட்டுக்கொடுத்து, தகடுகளைக் குறைத்துக்கொண்டது. குறைந்த அளவுக்கு வரியும் குறைந்தது. பள்ளிக்கூடக் கூரையில் பாதியைத்தான் மாற்ற முடிந்தது. அறுபது வீடு இருபத்திரண்டாயிற்று. பட்டியலில் இருபத்து மூன்றாவது ஆளாக இருந்த குடும்பம் ஓடைக்கரைக்கே திரும்பிப் போய், பழைய அடித்தளத்தின்மேல் டிரெய்லரை ஏற்றி வைத்தது. நெல்டா போய்த் தடுத்துப் பார்த்தாள். “வேற எடத்தக் காட்டும்மா, போறோம்” என்றான் அந்த வீட்டுக்காரன். அவளிடம் காட்ட இடம் இல்லை.

மார்ச்சில் தன் சட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தாள்: விட்டுக்கொடுக்கும் நிலத்தை முதலில் சோதிக்க வேண்டும், சோதனை முடிவைப் பகிரங்கமாக வைக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துக்கொண்டார்கள். விவாதம் இல்லாமல் நிறைவேறியது. யாரும் எழுந்து நிற்கவில்லை. மே மாதம் உட்கட்சித் தேர்தலில் ஒரு மருந்துக் கடைக்காரரிடம் தோற்றாள். கால்பந்துத் திடல் வாக்குச்சாவடியில் அவளுக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு.

டெல்பெர்ட்டை விசாரிக்க ஒரு அதிகாரி இரண்டு தடவை வந்து போனார். நிலக்கரிக் கம்பெனியே இல்லை, மேலே இருந்து உத்தரவு போட்ட இரண்டு பேரில் ஒருவர் இறந்துபோயிருந்தார், மற்றவர் புளோரிடாவில் எங்கோ இருந்தார். வழக்கை எடுக்கவும் இல்லை, முடிக்கவும் இல்லை. உயிரோடு இருந்த இரண்டு பழைய கூட்டாளிகளும் அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அண்ணனும் தங்கையும் அக்டோபரிலிருந்து பேசிக்கொள்ளவில்லை. ஜூன் கடைசியில் டெல்பெர்ட்டே போன் செய்தார். வழக்கமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவன் வரவில்லை, வண்டி எடுத்துக்கொண்டு வர முடியுமா என்றார். வந்தாள். ஐம்பது நிமிஷ ஓட்டம். முதல் இருபது நிமிஷம் உருளையின் ‘உஸ்’ஸைத் தவிர வண்டிக்குள் சத்தமில்லை.

“கார்லா வீடு முடிஞ்சிருச்சாமே” என்றார் பிறகு.

“கேள்விப்பட்டேன்.”

“உன்னக் கூப்பிட்டாளா?”

“இல்ல.”

“என்னக் கூப்பிட்டா” என்றார். “போகல. போயி அந்தத் தரையில எப்பிடி நிக்கிறது.” சாலையோரம் மரம் அறுக்கும் ஆலை போனது, அதற்கப்புறம் பாலம். “உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் கோழை, வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டேன். நீ ஏன் அன்னிக்கிச் சும்மா இருந்த? உனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதே, சின்னப் புள்ளையிலருந்து.”

நெல்டா கொஞ்ச தூரம் ஓட்டினாள். பணம், கெடு, குளிர்காலம் என்று பிராங்க்ஃபோர்ட்டில் பத்து பேரிடம் சொன்ன பதில் வாய்வரைக்கும் வந்தது.

“எல்லாரும் கை தட்டுனாங்க அண்ணே” என்றாள். “பதினாலு வருஷத்துல அப்பிடி யாரும் தட்டுனதில்ல.”

டெல்பெர்ட் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தார். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும், கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அவள் சுற்றி வந்து கை கொடுக்கிற வரைக்கும் அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.